கொண்டியைப் பராமரித்த மரநாய்

ஒரு காட்டில், எல்லா வளைக்கும் கூட்டுக்கும் கதவு வந்துவிட்ட பிறகு, ஒரு மரநாய்க்குச் சாப்பாடு கஷ்டமாகிவிட்டது. அவன் பெயர் நல்லதம்பி. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர். அதற்கு அவன் பொறுப்பில்லை.

முன்னெல்லாம் அந்தக் காட்டில் கோழிகள் அந்தி சாயும்போது கிளையில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளும். நல்லதம்பியின் அப்பாவும் சித்தப்பாக்களும் நிதானமாக மரம் ஏறி, வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு இறங்குவார்கள். பிறகு ஓடைக்கரைக் கோழிகள் ஒன்றுசேர்ந்து மூங்கிலில் ஒரு குடியிருப்பு கட்டிக் கதவு வைத்தன. சாதாரணக் கதவில்லை. அதன்மேல் காலை வைத்தால் யார் கால் என்று பார்க்கும். உள்ளே குடியிருப்பவர் கால் என்றால் திறக்கும். வேறு கால் என்றால் திறக்காது. கூடவே கூச்சலும் போடும். அதைப் பார்த்து முயல்கள் வைத்தன. முள்ளம்பன்றிகளும் வைத்தன. முள்ளம்பன்றியை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

நல்லதம்பி கோழி மிதித்த சேற்றை எடுத்துக் காலில் பூசிக்கொண்டு போய்ப் பார்த்தான். கதவு கூச்சல் போட்டது. இறகு செருகிக்கொண்டு போனான். இன்னும் பெரிதாகக் கூச்சல் போட்டது. வயிறு ஒட்டிப்போய், அத்திமரத்தடியில் படுத்துக்கொண்டு யோசித்தான். கதவை ஏமாற்ற முடியவில்லை, சரி. கதவுக்கு மூளையாக இருக்கும் மென்பொருளையே நாம் எழுதிக் கொடுத்தால்?

பசி இருந்ததால் சீக்கிரமே எழுதக் கற்றுக்கொண்டான். கோழிக் கால், மரநாய்க் கால் இரண்டுக்கும் பேதம் பார்க்காமல் திறக்கும் ஒரு நல்ல கதவு மென்பொருளை எழுதி முடித்து, அதை எடுத்துக்கொண்டு அஞ்சலையைப் பார்க்கப் போனான்.

அஞ்சலை ஒரு கழுதை. அந்தக் காட்டில் யார் என்ன மென்பொருள் எழுதினாலும் அதை வளைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள்தான். லேசான வேலையில்லை. எந்த மென்பொருளும் தனியாக நிற்காது. அதற்குத் துணையாக வேறு யார் யாரோ எழுதிவைத்த துண்டுகள் வேண்டும். பலரும் எடுத்துத் தங்கள் மென்பொருளுக்குள் வைத்துக்கொள்ளும் அந்தத் துண்டுகளுக்கு லைப்ரரி என்று பெயர். பெயரைக் கேட்டுப் புத்தகம் இருக்கும் என்று வந்த கரையான்கள் ஏமாந்து போனதுண்டு. அஞ்சலை இந்த லைப்ரரிகளைச் சரியான பதிப்பாகப் பார்த்துப் பிடித்து, ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் அடுக்கி, ஒரே பொதியாகக் கட்டி முதுகில் ஏற்றிக்கொள்வாள். அவள் ஏற்றாத சரக்கு காட்டில் எந்தக் கதவுக்கும் போகாது.

நல்லதம்பி கொண்டுவந்ததை அவள் பிரித்துப் போட்டுப் பார்த்தாள்.

"கொண்டி எங்க இதுல?" என்றாள்.

"கொண்டி எதுக்குக்கா? நானே எல்லாத்தையும் எழுதிட்டேன்."

அஞ்சலை காதை மடக்கிக்கொண்டாள். வேண்டாம் என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள். பிறகு போனால் போகிறதென்று விளக்கினாள். கோழிகளின் கதவு வேறு, முயல்களின் கதவு வேறு, முள்ளம்பன்றிகளின் கதவு வேறு. ஆனால் வந்திருப்பது யார் கால் என்று பார்த்துச் சொல்கிற வேலையை எல்லாக் கதவுக்குள்ளும் ஒரே லைப்ரரிதான் செய்கிறது. அதற்குப் பெயர் கொண்டி. குளத்து ஆமை பொன்னுரங்கம் எப்போதோ பொழுது போகாமல் எழுதியது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம் என்று திறந்து வைத்துவிட்டார். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கெட்டுப்போனால் மட்டும் அவரைத் தேடுவார்கள்.

"நல்லா ஓடிக்கிட்டிருக்கறத விட்டுட்டுப் புதுசு எதுக்கு? எடுத்துட்டுப் போ," என்றாள் அஞ்சலை. பொதிக்கயிற்றை இழுத்துக் கட்டியபடியே, "அந்த மனுசனுக்குத்தான் முடியல. தனியாக் கெடந்து மல்லாடுறாரு. யாராச்சும் ஒத்தாசைக்குப் போனாத் தேவல," என்றும் சொன்னாள்.

நல்லதம்பி வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் குளத்துக்குப் போனான்.

பொன்னுரங்கம் பாறைமேல் ஒரு பழைய லேப்டாப்பை எதிரே வைத்துக்கொண்டு, தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் புகார்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. நல்லதம்பி வழியெல்லாம் பொய்களை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தான். சின்ன வயதிலிருந்தே காட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை, கோழியைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை, இப்படி நிறைய வைத்திருந்தான். எதுவும் தேவைப்படவில்லை. உதவி செய்ய வந்திருப்பதாக அவன் ஆரம்பித்ததுமே ஆமையின் தலை வெளியே வந்தது.

"உக்காரு தம்பி," என்றார். பெயரைக்கூடக் கேட்கவில்லை.

நல்லதம்பியின் திட்டம் எளிமையானது. கொஞ்ச நாள் ஒழுங்காக வேலை பார்த்து ஆமையின் நம்பிக்கையைப் பெறுவது. கொண்டியின் புதுப் பதிப்பை வெளியிடும் அதிகாரம் கைக்கு வந்ததும் அதற்குள் தன் அளவுக்கு ஒரு பொந்து வைப்பது. பிறகு சாப்பாடு. மாம்பழக் காலத்துக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டான்.

மாம்பழக் காலம் வந்து போயிற்று. அவன் புகார்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தான்.

மழைநாளில் கதவு மெதுவாகத் திறக்கிறது என்று ஒரு முயல் எழுதியது. தன் கால் கதவுக்குள் அடங்கவில்லை, இது எல்லோருக்குமான மென்பொருளா இல்லையா என்று ஒரு யானை கேட்டது. வௌவால் எல்லாமே தலைகீழாகத் தெரிகிறது என்றது. உங்களுக்கு அப்படித்தான் தெரியும் என்று நல்லதம்பி பணிவாகப் பதில் எழுதினான். அப்படியானால் தலைகீழ் பிராணிகள் இந்தக் காட்டில் இருக்கவே கூடாதா என்று வௌவால் திரும்பக் கேட்டது. அதன் உறவுக்காரர்கள் நூறு பேர் சேர்ந்து கேட்டார்கள். கொண்டியைத் தலைகீழாகவும் ஓடும்படி செய்துகொடுத்தான். ஒருவரும் நன்றி சொல்லவில்லை. மயில் மட்டும் புதிய வண்ணம் தனக்குப் பிடிக்கவில்லை என்று எழுதியது. அவன் வண்ணத்தைத் தொடவே இல்லை.

இரை தேட நேரமில்லாமல் போனது. காட்டோரத் தோட்டத்தில் காப்பிப் பழம் இருந்தது. அதைத் தின்றுகொண்டு வேலை பார்த்தான். காப்பிப் பழம் தின்றதால் தூக்கம் வரவில்லை. தூக்கம் வராததால் இன்னும் வேலை பார்த்தான். தப்பித்தவறிக் கண்ணயர்ந்தால் கனவில் கோழி வரும். கொழுத்த கோழி. கிட்டே போனால் அது வாயைத் திறந்து, பழைய பதிப்பில் இது நன்றாக வேலை செய்ததே என்று கேட்கும்.

ஒருநாள் பொன்னுரங்கம் அவனைக் கூப்பிட்டு, கொண்டியின் சாவியை, அதாவது புதுப் பதிப்பை வெளியிடும் ரகசியச் சொல்லை, அவன் காதில் சொன்னார்.

"இனிமே நீதான் தம்பி எல்லாம்," என்றார்.

பாறையிலிருந்து இறங்கினார். ஆமை ஓடிப் பார்த்தவர் யாருமில்லை. அன்று நல்லதம்பி பார்த்தான். கண்மூடித் திறப்பதற்குள் குளக்கரையைத் தாண்டி, புதரைத் தாண்டி, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் மேட்டுக்கு அந்தப்பக்கம் மறைந்துவிட்டார்.

நல்லதம்பி அன்றே பொந்து வைத்தான். அழகான பொந்து. கதவை வாலால் ஒருமுறை தடவினால், யாராக இருந்தாலும், சத்தமில்லாமல் திறந்துகொள்ளும். புதுப் பதிப்பை எடுத்துக்கொண்டு அஞ்சலையிடம் ஓடினான்.

அஞ்சலை அதைப் பிரித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். வாலைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கொண்டிக்குள் ஒரு மூலையில் குயில் எழுதிய துண்டு ஒன்று இருந்தது. குயில் தன் வழக்கப்படி எழுதியதைக் காகத்தின் கணக்கில் வைத்துவிட்டுப் போயிருந்தது. அது யாருடையது, எடுத்துப் பயன்படுத்த யார் அனுமதி கொடுத்தார்கள் என்று தெரியாமல் ஏற்ற முடியாது என்றாள். அவன் காகத்திடம் போனான். காகம் அது தன் குழந்தைதான் என்று சாதித்தது. குயில் தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றது. கடைசியில் அவனே உட்கார்ந்து அந்தத் துண்டை முழுக்கப் புதிதாக எழுதினான்.

கொண்டுபோனான். மறுபடி திருப்பிவிட்டாள். கோழிகளின் கதவு பழைய கொண்டியைத்தான் கேட்கிறது, முள்ளம்பன்றிகளின் கதவு புதிய கொண்டிதான் வேண்டும் என்கிறது, ஒரு பொதியில் ஒரு கொண்டிதான் போகும். ஆகவே பழைய பேச்சும் புதிய பேச்சும் இரண்டும் புரிகிற மாதிரி கொண்டியை மாற்றிக்கொண்டு வா என்றாள். அதையும் செய்தான். அப்புறம் கொண்டி நம்பியிருந்த ஒரு எண்ணிக்கை லைப்ரரி காணாமல் போயிற்று. அதை எழுதிய குரங்கு பாதியில் விட்டுவிட்டு வேறொன்றுக்குத் தாவியிருந்தது. அந்த எண்ணிக்கையையும் நல்லதம்பியே எழுதினான். ஒவ்வொரு தடவையும் இதோ இந்த ஒன்றுதான் பாக்கி, இது முடிந்தால் கோழி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்தச் சில மாதங்களில் கொண்டி அதன் வாழ்நாளில் இல்லாத அளவு உறுதியாகிவிட்டது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

கடைசியாக ஒருநாள் அஞ்சலை, "இந்த வால் சமாச்சாரம் என்னது?" என்று கேட்டாள்.

நல்லதம்பி அவசரமாகக் காலைத் தூக்கிக் காட்டினான். கால்ல சேறா இருந்தா கஷ்டமில்லையா, அதுக்காக ஒரு வசதி என்று எதையோ உளறினான். அஞ்சலை தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப அத வெவரமா எழுதி வை. விளக்கம் இல்லாத வசதிய நான் ஏத்த மாட்டேன்."

உலகத்தில் எந்தத் திருடனும் செய்யாத காரியத்தை நல்லதம்பி செய்தான். தான் வைத்த பொந்துக்குத் தானே விளக்கம் எழுதினான். காலில் சேறு இருந்தால் வாலால் தடவியும் கதவைத் திறக்கலாம் என்று தெளிவாக, பிழையில்லாமல் எழுதினான். யாரும் விளக்கம் படிப்பதில்லை என்பது இத்தனை நாளில் அவனுக்குத் தெரிந்திருந்ததால் துணிந்து எழுதினான். பொதி புறப்பட்டது. எல்லாக் கதவுக்கும் போய்ச் சேரட்டும் என்று பத்து நாள் பொறுத்திருந்தான்.

அந்தி சாயும் நேரத்துக்கு ஓடைக்கரைக்குப் போய்ப் புதருக்குள் உட்கார்ந்தான். எச்சில் ஊறியது. கோழிகள் மேய்ச்சல் முடிந்து ஒவ்வொன்றாக வந்தன. முதல் கோழி கதவருகே போய்த் திரும்பி நின்று வாலால் தடவியது. கதவு திறந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். ஒரு கோழிகூடக் காலை வைக்கவில்லை. நல்லதம்பி புதருக்குள்ளிருந்து தன்னை மறந்து எழுந்துவிட்டான்.

கடைசியாக வந்த கோழி அவனைப் பார்த்தாள். பருத்த, பளபளப்பான கோழி. அவள் கத்தவில்லை.

"கொண்டி சார்தானே நீங்க?" என்றாள். "படம் பாத்திருக்கேன். உள்ள வாங்க, உங்களத்தான் பாக்கணும்னு இருந்தேன்."

அவளே கதவைத் திறந்து அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அவள் பெயர் தைலம்மை. குடியிருப்பின் செயலாளர். விளக்கத்தைப் படித்துவிட்டு வால் வசதியை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். கதவுகள் வந்த பிறகு முட்டையிலிருந்து வந்தவளாதலால் மரநாயை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. நீங்க என்ன பிராணி சார் என்று மரியாதையாகக் கேட்டாள். பழம் தின்கிற பிராணி என்றான் நல்லதம்பி. அப்போதைக்கு அது உண்மையாகவும் இருந்தது.

சுற்றிலும் கோழிகள். இடப்பக்கம் கோழி, வலப்பக்கம் கோழி, மூங்கில் பரணில் வரிசையாகக் கோழி. எத்தனை மாதக் கனவு. கதவு அவனுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. தைலம்மை அவனுக்கு மிக அருகில், கழுத்தை நீட்டிக்கொண்டு, ஒரு பிழையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

இறகு உதிர்ந்தால் வாலைக் கதவு கண்டுகொள்வதில்லையாம். அவள் அதைச் சொன்ன விதத்தில் நல்லதம்பி ஆடிப்போனான். தான் என்ன செய்தாள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தாள், அதற்குப் பதிலாக என்ன நடந்தது, எந்தப் பதிப்பு, எத்தனை இறகு உதிர்ந்த பிறகு என்று ஒன்று விடாமல், கோபப்படாமல் வரிசையாகச் சொன்னாள். வேறு இரண்டு கோழிகளை வைத்துச் சோதித்தும் பார்த்திருந்தாள். இப்படி ஒரு புகார் அவனுக்கு வந்ததே இல்லை. அவன் பற்கள் அவள் கழுத்திலிருந்து ஒரு விரல் தூரத்தில் இருந்தன.

"அவசரமில்ல சார்," என்றாள் தைலம்மை. "முடியறப்ப பாருங்க. எங்க அம்மா பயந்து பயந்து தூங்குவாங்களாம், ஒரு கண்ணு முழிச்சே இருக்குமாம். நான் ரெண்டு கண்ணையும் மூடித் தூங்கறேன். உங்களுக்கு ரொம்ப நன்றி."

நல்லதம்பி திறந்த வாயை மூடிக்கொண்டான். இந்த வேலையில் அவன் கேட்ட முதல் நன்றி அது. பசி எங்கே போனதென்று தெரியவில்லை. இவளைத் தின்றுவிட்டால் இனிப் புகாரை இப்படி எழுத யார் இருக்கிறார்கள் என்று ஒரு நினைப்பும் குறுக்கே வந்தது. பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லி எழுந்தான். அவர்கள் ஒரு தட்டில் சோளம் வைத்தார்கள். அதைத் தின்றுவிட்டுக் குளத்துக்குத் திரும்பினான்.

வழியில்தான் அவனுக்கு உறைத்தது. வாலால் தடவினால் யாருக்கும் திறக்கும் என்று எழுதியவன் அவன். அவன் மட்டும்தான் காட்டில் வால் உள்ளவனா? நரிக்கு வால் இல்லையா? அஞ்சலையின் கொட்டடிக்கு ஓடினான்.

"அக்கா, அந்தப் பதிப்ப உடனே திருப்பி எடுக்கணும். அதுல ஒரு பொந்து இருக்கு. நான் வச்சதுதான்."

அஞ்சலை வைக்கோலை மென்றுகொண்டிருந்தாள். "தெரியும்," என்றாள். "பொதி கட்டும்போதே ஒரு ஒட்டுப் போட்டு அடச்சிட்டேன். உள்ள குடியிருக்கறவங்க வாலுக்குத்தான் தொறக்கும். நீ போய்த் தடவியிருந்தா ஊரையே கூட்டியிருக்கும்."

நல்லதம்பி உட்கார்ந்துவிட்டான். வெட்கப்பட வேண்டிய இடம். பயப்பட வேண்டிய இடமும்கூட. ஆனால் அவனுக்கு வந்தது ஆத்திரம்.

"ஒட்டுப் போட்டிருக்கீங்க. போட்டத எனக்கு அனுப்பியிருக்க வேணாமா? கொண்டியப் பாத்துக்கறவன் நானா நீங்களா? நீங்க பாட்டுக்கு உங்க பொதியில மட்டும் மாத்தி வச்சிக்கிட்டா, நாளைக்கு நான் புதுசா வெளியிடும்போது எப்படிச் சேரும்? ரெண்டு கொண்டி ஆயிடாதா?"

அஞ்சலை மெல்லுவதை நிறுத்தினாள். அவள் முகத்தில் திருப்தி தெரிந்தது. தவறு தன்னுடையதுதான், நாளைக்கே அனுப்பிவிடுவதாகச் சொன்னாள். பிறகு அவன் கேட்காமலே விஷயத்தை உடைத்தாள். முதல்நாள் அவன் வந்தபோதே எதற்கு வந்திருக்கிறான் என்று தெரியுமாம். இத்தனை காலத்தில் கொண்டிக்கு உதவ எத்தனையோ நல்லவர்கள் வந்தார்களாம். மான் வந்தது, ஒரு வாரம் இருந்தது, குட்டி போட்டிருக்கிறது என்று போய்விட்டது. அணில் ஆர்வமாக வந்து பாதி எழுதிவிட்டு மறந்துபோனது. கிளி நிறையப் பேசியது. நல்லவர்களுக்கு வேறு வேலை வந்துவிடுகிறது.

"கோழி மேல கண்ணு வச்சவன் கோழி கிடைக்கற வரைக்கும் போக மாட்டான்," என்றாள். "எனக்கு அது போதும். கோழி கிடைக்காமப் பாத்துக்கறது என் வேலை."

நல்லதம்பி கோபித்துக்கொண்டு காட்டைவிட்டே போய்விடலாமா என்று யோசித்தான். இறகு உதிர்கிற காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் தைலம்மையின் பிழையைச் சரிசெய்ய வேண்டும். ஆகவே போகவில்லை.

சில நாள் கழித்து, ஒட்டை எப்படிச் சேர்ப்பது என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு காட்டுப்பூனை வந்து வாசலில் நின்றது. ஒடுங்கி, வாலைக் காலுக்கடியில் மடக்கிக்கொண்டு, இந்தக் காட்டுக்கு ஏதாவது தொண்டு செய்ய வேண்டும் என்று நெடுநாள் ஆசை என்றது. பெயர் சாந்தலிங்கம் என்றும், எந்த லைப்ரரியானாலும் பரவாயில்லை, கதவு சம்பந்தப்பட்டதாக இருந்தால் விசேஷம் என்றும் சொன்னது.

அஞ்சலை நல்லதம்பியின் பக்கம் சாய்ந்து, இவன் கண் யார் மேல் என்று கேட்டாள். இந்த விஷயத்தில் நல்லதம்பிக்குப் பழக்கம் இருந்தது. சாந்தலிங்கம் எங்கே பார்க்காமல் இருக்க முயற்சி செய்கிறான் என்று பார்த்தான். மேற்கே, புல்வெளிப்பக்கம்.

"முயல்," என்றான் தாழ்ந்த குரலில்.

அஞ்சலையின் காதுகள் மலர்ந்தன. எழுத்துருக்களைச் சமாளிக்கும் ஒரு லைப்ரரியை எழுதிய பாம்பு சட்டையை உரித்தபோது பொறுப்பையும் சேர்த்து உரித்துவிட்டுப் போயிருந்தது. அன்றிலிருந்து கதவுகளில் பாதி எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்துகொண்டிருந்தது. அவள் ஒரு திரையைச் சாந்தலிங்கத்தின் முன்னால் தள்ளினாள். அதில் புகார்கள் மேலிருந்து கீழே, கீழேயிருந்து இன்னும் கீழே போய்க்கொண்டே இருந்தன.

"இவ்வளவா?" என்றான் சாந்தலிங்கம்.

"நிதானமாப் பாருங்க தம்பி," என்றாள் அஞ்சலை. "முயல் எங்கயும் போயிடாது."

சாந்தலிங்கம் ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தான். அவள் வைக்கோலை மென்றுகொண்டிருந்தாள். அவன் நல்லதம்பியைப் பார்த்தான். நல்லதம்பி மரியாதைக்கு நகர்ந்து இடம் கொடுத்தான். சாந்தலிங்கம் உட்கார்ந்து முதல் புகாரைத் திறந்தான்.

நீதி: பொதுக்காரியத்துக்கு நல்லவர்களை நம்பாதீர்கள், அவர்களுக்கு வீட்டில் வேலை இருக்கும், கெட்ட எண்ணத்தோடு வருகிறவன்தான் கடைசிவரை இருந்து முடித்துக்கொடுப்பான்.